இரண்டு சென்டிமீட்டர் நூலுக்கு ஓர் உறை

ஃப்ளாஸ் பிக் என்று ஒரு சாமான் இருக்கிறது. வில் மாதிரி வளைந்த பிளாஸ்டிக் கைப்பிடி, வில்லின் இரண்டு முனைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய நூல், மறுகோடியில் பல்குத்தும் கூர். நூலின் நீளம் இரண்டு, மிஞ்சிப்போனால் இரண்டரை சென்டிமீட்டர். பல்லிடுக்கில் விட்டு நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தூக்கிப் போட வேண்டியது. ஆயுள் ஒரு நிமிடம், என் போன்ற சோம்பேறிகள் கையில் அரை நிமிடம். இது வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஐம்பது, நூறு என்று மொத்தமாக ஒரு பையில் போட்டு விற்பார்கள். அதைப் பற்றியே சண்டை போடலாம். ஆனால் நான் சண்டைக்கு எடுத்துக்கொள்வது அதற்கு அடுத்த கட்டத்தை. அந்த ஐம்பதையும் ஒவ்வொன்றாகத் தனி உறைக்குள் வைத்து ஒட்டி, உறைகளை ஒரு டப்பாவில் அடுக்கி, டப்பாவுக்கு மேலும் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றி விற்கிறார்கள். 'தனித்தனியாக உறையிடப்பட்டது' என்று டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டிய விஷயம் அங்கே பெருமையாக நிற்கிறது.

ஆபீஸில் இதைச் சொன்னபோது பக்கத்து சீட் நண்பன் கேட்டான்: "மச்சி, நாட்டுல எவ்வளவோ பிரச்சனை இருக்கு. பல்லு குத்துற குச்சிதான் உனக்குக் கெடச்சுதா?"

நியாயமான கேள்வி. இந்தியாவில் ஃப்ளாஸ் போடுகிறவர்கள் சிறுபான்மை. ஒரு நாளில் ஊர் முழுக்கக் கிழிபடும் பால் பாக்கெட்டுக்கும் மசாலா பாக்கெட்டுக்கும் முன்னால் இது தூசு. ஆனால் அதனாலேயேதான் இதைப் பேச வேண்டும் என்பேன். பால் பாக்கெட்டுக்கு ஒரு காரணம் உண்டு. பால் கெட்டுப்போகும், சிந்தும். ஷாம்பூ சாஷேவுக்கும் ஒரு காரணம் உண்டு. மொத்தமாக ஒரு பாட்டில் வாங்கக் காசில்லாதவர்கள் வாரத்துக்கு ஒன்று வாங்குகிறார்கள். அந்தக் காரணங்களை முன்னால் நிறுத்திவிட்டுக் கம்பெனிகள் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஏழையின் சாஷேவைப் பிடுங்குகிறாயா என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. ஃப்ளாஸ் பிக்கின் தனியுறைக்கு இப்படி ஒளிய ஒரு மறைப்பும் இல்லை. நூல் கெட்டுப்போவதில்லை, சிந்துவதில்லை. வாங்குகிறவர் யாரும் ஏழையில்லை. ஒரு டப்பாவையே மொத்தமாகத்தான் வாங்குகிறார். ஒரு பொருளைச் சுற்றிக் குப்பையைப் போர்த்துவது என்ற முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, அதற்கான செலவு யார் தலையில் இறங்குகிறது என்று பார்க்க இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

*

பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யச் சொல்வது இருநூறு வருடப் பழக்கம். நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர் லெவி ஸ்பியர் பார்ம்லி 1819-இல் வெளியிட்ட புத்தகத்தில் மெழுகு தடவிய பட்டு நூலைப் பரிந்துரைத்தார். 1882-இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த காட்மன் அண்ட் ஷர்ட்லெஃப் கம்பெனி பட்டு ஃப்ளாஸைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. 1898-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் காப்புரிமை வாங்கியது. அறுவை சிகிச்சையில் தையல் போடப் பயன்பட்ட அதே பட்டுதான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பட்டுக்குத் தட்டுப்பாடு வர, அந்த இடத்துக்கு நைலான் வந்தது. நைலான் ஃப்ளாஸுக்காக வாதாடிய சார்லஸ் பாஸ் என்ற மருத்துவரும் நியூ ஆர்லியன்ஸ்காரர்தான். அந்த ஊருக்கும் பல்லிடுக்குக்கும் என்ன பந்தமோ தெரியவில்லை.

இந்தக் கதை முழுக்க நூல் மாறியது, மெழுகு மாறியது, வாசனை சேர்ந்தது. வடிவம் மாறவில்லை. ஒரு கண்டில் சுற்றிய நூல், வேண்டிய அளவு இழுத்து அறுத்துக்கொள்ள ஒரு சின்னத் தகடு. இதில் கணக்கும் எளிது. ஒரு தடவைக்குப் பதினெட்டு அங்குலம், அதாவது சுமார் 45 சென்டிமீட்டர் நூல் எடுத்துக்கொள்ளச் சொல்வது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் வழக்கமான அறிவுரை. 50 மீட்டர் கண்டு ஒன்று 110 தடவைக்கு வரும். தினமும் ஒரு தடவை என்றால் மூன்றரை மாதம். முடிந்தபின் மிஞ்சுவது தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா.

இதே 110 தடவையைத் தனியுறை ஃப்ளாஸ் பிக்கில் போட்டுப் பாருங்கள். 110 கைப்பிடிகள், 110 உறைகள், இரண்டு மூன்று அட்டை டப்பாக்கள், அவற்றின் மேல்தாள்கள். எல்லா வில்லிலிருந்தும் நூலை மட்டும் அவிழ்த்து ஒட்டிப் பார்த்தால் இரண்டரை மீட்டர் தேறும். 50 மீட்டர் நூலை ஒரு டப்பாவில் விற்றுக்கொண்டிருந்தவர்கள் இரண்டரை மீட்டர் நூலை 220 பிளாஸ்டிக் துண்டுகளோடு விற்கிறார்கள். நூல் குறைந்துவிட்டது, சாமான் பெருகிவிட்டது, விலையும் கூடிவிட்டது. நாம் வாங்குவது ஃப்ளாஸ் என்று சொல்வதே கொஞ்சம் பொய்தான். வாங்குவது பிளாஸ்டிக். நூல் கொசுறு.

(பழைய டப்பாவும் உத்தமன் இல்லை. பாலிப்ரொப்பிலீன் உடலுக்குள் எஃகுத் தகடு பதித்திருப்பார்கள், பிரித்தெடுக்க வழியிருக்காது. நூல் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று என் ஏரியா மருந்துக்கடைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "ஃபுல் செட்டாதான் வரும் சார்" என்பார்கள்.)

ஃப்ளாஸே தேவையா என்று ஒரு கூட்டம் கேட்கும். 2016-இல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியிலிருந்து ஃப்ளாஸ் பரிந்துரை காணாமல் போனது, ஆதாரம் பலவீனம் என்று பத்திரிகைகள் எழுதின. 2019-இல் வந்த காக்ரேன் மறுஆய்வு, பல் துலக்குவதோடு ஃப்ளாஸும் சேர்த்தால் ஈறு வீக்கம் குறையலாம், ஆனால் அதற்கான சான்றின் உறுதி குறைவு என்கிறது. நான் போடுகிறேன், என் ஈறுக்கு நல்லதாகப் படுகிறது. அந்த விவாதத்தைப் பல் மருத்துவர்களிடம் விட்டுவிடலாம். பல்லுக்கு நல்லதோ இல்லையோ, உறை பல்லுக்கு ஒன்றும் செய்வதில்லை.

*

உறைக்குச் சொல்லப்படும் ஒரே நியாயம் சுகாதாரம். இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

ஊசிக்குத் தனியுறை இருக்கிறது. அதை யாரும் எதிர்க்க முடியாது. ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டதால் மஞ்சள் காமாலையும் எச்ஐவியும் பரவிய காலம் உண்டு. அந்த உறைக்குள் கிருமி நீக்கம் செய்த ஊசி இருக்கிறது, அது நேராக உடம்புக்குள் போகிறது. அங்கே உறை ஒரு வேலை செய்கிறது. ஃப்ளாஸ் பிக் உறைக்குள் இருப்பது அப்படியான பொருளா? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'ஸ்டெரைல்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். நான் பார்த்த எதிலும் இல்லை. அது போகப்போகும் இடமான நம் வாயில் எழுநூறு வகைக்குக் குறையாமல் பாக்டீரியா குடியிருக்கிறது என்கிறார்கள். போதாக்குறைக்கு, உறை பிரித்த ஃப்ளாஸால் சுத்தமாகப் பல்லை இழுக்கும் அதே மனிதர், பாத்ரூமில் ஃப்ளஷ் டாங்கிக்கு மேலே ஒரு குவளையில் பல் துலக்கும் பிரஷ்ஷை மூன்று மாதமாகத் திறந்து வைத்திருக்கிறார். அதற்கு யாரும் தினம் ஓர் உறை விற்கவில்லை. இனிமேல் விற்பார்களோ என்னவோ.

இந்தச் சுகாதார பாவனை நமக்குப் புதிதில்லை. கொரோனாவுக்கு முன்னால் ஓட்டலில் பில் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சோம்பு, ஒரு டப்பா நிறைய பல்குத்தும் குச்சி இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு நிறைய இடங்களில் குச்சி ஒவ்வொன்றும் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. சோம்பு மட்டும் அதே கிண்ணத்தில், அதே கரண்டியோடு, பத்துப் பேர் கை பட்டபடியே இருக்கிறது. நோய்க்கு இந்த வித்தியாசம் தெரியுமா? தெரியாது. வாடிக்கையாளருக்குத் தெரியும். அவர் கண்ணுக்கு முன்னால் ஏதோ ஒன்று கிழிபட வேண்டும். கிழிக்கிற சத்தத்தில் ஒரு திருப்தி இருக்கிறது, இதை எனக்கு முன்னால் யாரும் தொடவில்லை என்ற திருப்தி. பிறர் தொட்டதைத் தொடமாட்டேன் என்பது இந்த ஊரில் எவ்வளவு பழைய நோய் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல் பாலித்தீன் சுற்றினால் நவீனமாகிவிடுகிறது.

நானும் ப்ராடக்ட் மீட்டிங்குகளில் உட்கார்ந்தவன்தான், மென்பொருள் என்றாலும் கூட்டங்களின் லட்சணம் ஒன்றுதான். போட்டிக் கம்பெனியின் பொருளும் நம்முடையதும் ஒரே மாதிரி இருக்கிறது. 'நம்மகிட்ட ஸ்பெஷலா என்ன இருக்கு?' என்று ஒருவர் கேட்பார். நூலில் இனிமேல் புதிதாகச் செய்ய ஒன்றும் இல்லை. அப்போது ஒருவர் உறை என்பார். உறை போடும் இயந்திரம் ஏற்கெனவே பிஸ்கட்டுக்கும் மிட்டாய்க்கும் ஓடிக்கொண்டிருக்கும் அதே வகை இயந்திரம்தான். ஒரு பக்கம் பிளாஸ்டிக் ரோல், நடுவில் சூடான தாடை, மறுபக்கம் வெட்டுக் கத்தி. எக்செல் தாளில் ஓர் உறைக்கு எத்தனை பைசா கூடும் என்று ஒரு பத்தி, அதனால் விலையை எத்தனை ரூபாய் ஏற்றலாம் என்று ஒரு பத்தி. கிழித்த உறை எங்கே போகும், அதை யார் பொறுக்குவார், எத்தனை ரூபாய் ஆகும் என்பதற்கு அந்தத் தாளில் பத்தியே கிடையாது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அழிக்கவில்லை. அந்தப் பத்தியை யாரும் போடச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

*

எங்கே போகும்? காயலான் கடைக்குப் போகாது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆய்வு வேண்டாம், ஒரு காயலான் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். தண்ணீர் பாட்டிலுக்கு விலை உண்டு, பால் கவருக்கு உண்டு, உடைந்த குடத்துக்கும் நாற்காலிக்கும் உண்டு. எல்லாம் கிலோ கணக்கு. குப்பை பொறுக்குகிறவர் ஒரு தடவை குனிந்து எடுப்பதற்கு அந்தப் பொருள் எடை தர வேண்டும். ஒரு பாட்டிலுக்குக் குனிந்தால் லாபம். ஃப்ளாஸ் உறைக்குக் குனிந்தால் முதுகு வலிதான் மிச்சம். ஒரு கிலோ சேர்ப்பதற்குள் ஆயிரக்கணக்கான தடவை குனிய வேண்டும். சேர்த்தாலும் வாங்க ஆளில்லை. ஏனென்றால் பார்க்க ஒரே தாள் மாதிரி இருக்கும் உறையில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகள் ஒட்டியிருக்கும், அச்சிடுவதற்கு ஒரு பிளாஸ்டிக், சூட்டில் ஒட்டுவதற்கு இன்னொன்று. 'பேப்பர் உறை' என்று பசுமை வண்ணத்தில் வருவதைக் கிழித்துப் பாருங்கள், உள்பக்கம் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். பிரிக்க முடியாது. உருக்கினால் எதற்கும் உதவாத கலவை.

கைப்பிடியின் கதையும் அதேதான். நூலும் கைப்பிடியும் வேறு வேறு பிளாஸ்டிக், பிரித்தெடுக்க முடியாதபடி வார்த்து இணைத்தது. அளவோ விரல் நீளம். சல்லடையில் போட்டுச் சலித்தால் மண்ணோடு கீழே விழும்.

ஓஎம்ஆரில் வேலை பார்க்கிறவர்களுக்கு மீதிக் கதை தெரியும், மூக்குக்குத் தெரியும். நம்முடைய கண்ணாடிக் கட்டிடங்களிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பெருங்குடி குப்பைக் கிடங்கு. 2022 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. இப்போது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடக்கிறது. மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், எதற்கும் ஆகாத பிளாஸ்டிக்கைக் கட்டி சிமென்ட் ஆலைகளுக்கு எரிக்க அனுப்புகிறார்கள். அந்த வேலைக்கு ஆகும் கோடிகள் மாநகராட்சியுடையவை, அதாவது நம்முடையவை. வாழ்நாளில் ஃப்ளாஸ் என்ற சொல்லையே கேள்விப்படாத ஒரு பூக்காரம்மாவின் வரியும் அதில் இருக்கிறது.

சி மொழியில் புரோகிராம் எழுதியவர்களுக்கு ஒரு பால பாடம் உண்டு. மெமரி கேட்டு வாங்கியவன்தான் அதைத் திருப்பித் தர வேண்டும். மேலாக் போட்டவன் ஃப்ரீ போடாமல் போனால் அதற்குப் பெயர் லீக். கோட் ரிவ்யூவில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் ஜூனியராக இருந்தாலும் விடமாட்டோம். "ஆபரேட்டிங் சிஸ்டம் பாத்துக்கும்" என்று அவன் சொன்னால் சிரிப்போம். இங்கே கோடிக்கணக்கில் உறைகளை வெளியே விடும் ஒரு கம்பெனி, மாநகராட்சி பார்த்துக்கொள்ளும் என்கிறது. நாம் சிரிப்பதில்லை. குப்பைத் தொட்டியில் ஒழுங்காகப் போட்டாயா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம்.

*

சட்டம் இல்லையா? இருக்கிறது. இரண்டு விதமாக இருக்கிறது, இரண்டிலும் ஓட்டை.

2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றுக்கு நாடு முழுக்கத் தடை. பட்டியலைப் படித்தால் குச்சிகள் மேல் ஒரு தனிக் கோபம் தெரியும். காது குடையும் பட்ஸின் பிளாஸ்டிக் குச்சி, பலூன் குச்சி, மிட்டாய்க் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, பிளாஸ்டிக் கொடிகள், காபி கலக்கும் குச்சி. எல்லாம் சரியான தடைதான். ஆனால் பல்லிடுக்குக் குச்சி அதில் இல்லை. காதுக்கு ஆகாத பிளாஸ்டிக் குச்சி வாய்க்கு ஆகும்! ஸ்வீட் பாக்ஸைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளுக்குத் தடை, கல்யாணப் பத்திரிகையைச் சுற்றுவதற்குத் தடை, சிகரெட் பெட்டியைச் சுற்றுவதற்குக்கூடத் தடை. ஃப்ளாஸ் டப்பாவைச் சுற்றினால் தடை இல்லை.

எங்கள் தொழிலில் இதை ப்ளாக்லிஸ்ட் என்போம். கெட்டது எதுவெல்லாம் என்று பட்டியல் போட்டுத் தடுப்பது. இது எப்போதும் தோற்கும், ஏனென்றால் பட்டியல் நேற்றைய தந்திரத்துக்குப் போட்டது, எதிராளி இன்றைக்குப் புதிதாக ஒன்று கொண்டுவருவான். செய்ய வேண்டியது தலைகீழ்: எது அனுமதி என்று விதி எழுதிவிட்டு மற்றதைத் தடுப்பது. எந்தப் பொருளின் பெயரையும் சொல்லாமல், இத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே, ஒன்றுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் ஒட்டியது, திரும்ப எடுக்க ஏற்பாடு இல்லாதது விற்கக் கூடாது என்றால் ஃப்ளாஸ் பிக்கும் மாட்டும், நாளைக்கு வரப்போகும் எதுவும் மாட்டும்.

அப்படி ஒரு விதியை நெருங்கி வந்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் ஒரு வரி இருந்தது. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டு வருடங்களில் படிப்படியாக ஒழிக்க வேண்டும். 2018-இல் அந்த இரண்டு வருடம் முடிந்தது. அந்த வருடம் மார்ச்சில் விதியைத் திருத்தினார்கள். மறுசுழற்சி செய்ய முடியாதது, எரித்து ஆற்றல் எடுக்க முடியாதது, வேறு எதற்கும் பயன்படாதது என்று சொற்கள் கூடின. எந்த பிளாஸ்டிக்கை எரித்தால் சூடு வராது? பெட்ரோலியப் பொருளாச்சே, ஜோராக எரியும். ஆக, ஒழிக்க வேண்டிய பிளாஸ்டிக் என்று ஒன்றுமே நாட்டில் மிச்சமில்லை. ஒரு வரி கோடில் ஒரு 'அல்லது' சேர்த்து மொத்த ஃபங்ஷனையும் செத்ததாக ஆக்கிவிடுவது பற்றி எங்களுக்குத் தெரியும். இவ்வளவு நேர்த்தியாகச் செய்தவர்களைப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு, உற்பத்தியாளரின் பொறுப்பு என்ற பெயரில் 2022 முதல் சான்றிதழ் முறை வந்தது. கம்பெனி தன் உறையையே திரும்ப எடுக்க வேண்டும் என்பதில்லை, யாரோ எங்கோ அதே வகை பிளாஸ்டிக்கைச் சுத்திகரித்ததற்கான சான்றிதழை வாங்கிக் காட்டினால் போதும். மறுவருடமே லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. பிடித்தது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான், அதற்கு ஒரு சபாஷ்.

தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலே 14 வகைப் பொருட்களைத் தடை செய்தது, முன்னோடி மாநிலம் என்று பெயரும் வாங்கியது. தள்ளுவண்டிக்காரர், பூக்கடை, டிபன் கடை எல்லோரிடமும் அபராதம் வசூலித்தார்கள். தொழிற்சாலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு அப்போது விலக்கு இருந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் வந்தது. மஞ்சப்பையை நான் கிண்டல் செய்யவில்லை, என் வீட்டில் நாலைந்து தொங்குகின்றன. ஆனால் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் அதற்குள் எதைப் போட்டுக்கொண்டு வருகிறோம்? ஐம்பது உறை உள்ள ஒரு டப்பாவை.

*

இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள்.

முதலாமவர் ஆலும் வேலும் என்று ஆரம்பிப்பார். நம் முன்னோர் வேப்பங்குச்சியில் துலக்கினார்கள், ஃப்ளாஸே மேற்கத்தியச் சதி. ஐயா, முன்னோர் வேப்பங்குச்சியிலும் துலக்கினார்கள், நாற்பது வயதில் பல்லைக் கொட்டிவிட்டு வெற்றிலையை இடித்தும் போட்டார்கள். என் பாட்டியின் வெற்றிலை உரல் இன்னும் எங்கள் ஊர் வீட்டில் இருக்கிறது. தவிர, ஓஎம்ஆரில் ஒன்பது மாடி அடுக்ககத்தில் இத்தனை லட்சம் பேருக்கு வேப்பங்குச்சி ஒடித்தால் ஒரு மாதத்தில் தாம்பரம் வரைக்கும் மரம் இருக்காது.

இரண்டாமவர் இங்கிலீஷில் பேசுவார். கண்ணாடிக் குப்பியில் வரும் ஃப்ளாஸை வாங்கச் சொல்வார், சோளத்திலிருந்து செய்த நூல், மக்கும், விலை மட்டும் சில மடங்கு. சோளத்து பிளாஸ்டிக் மக்குவதற்குத் தொழிற்சாலை உரக்கிடங்கின் சூடு வேண்டும், நம் பால்கனித் தொட்டியில் அது அப்படியே கிடக்கும். அதைக்கூட விட்டுவிடலாம். ஒரு தெருவே குப்பையாகக் கிடக்கும்போது, காசுள்ள ஒருவர் தன் மனசாட்சியை மட்டும் தனி உறையில் போட்டு வாங்கிக்கொண்டு போவது எனக்குக் கொஞ்சம் அருவருப்பாக இருக்கிறது. அவருக்குக் குற்றவுணர்வு தீர்ந்தது, கம்பெனிக்கு இன்னொரு ரகம் விற்றது. அந்தக் கம்பெனியின் மலிவு ரகம் அடுத்த அலமாரியில் அப்படியே இருக்கும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக்கில் ரோடு போடலாம் என்று காட்டினாரே என்று மூன்றாவதாக ஒருவரும் வருவார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். ஏற்கெனவே கிடக்கும் குப்பைக்கு அது நல்ல வழி. நாளைக்குப் போடப்போகும் குப்பைக்கு அதை லைசென்ஸாகக் காட்டினால் அவருக்குச் செய்யும் அவமரியாதை.

*

திரும்ப எடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. சாஷே என்ற விஷயத்தை இந்தியாவில் பரப்பிய பெருமையில் பெரும்பங்கு கடலூருக்கு. சின்னி கிருஷ்ணன் என்ற சிறுதொழில்காரர் கண்ட யோசனை, அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பூவாக விற்றார்கள். ஒரு மகன் சி.கே. ரங்கநாதன் பிரிந்து வந்து 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலோடு சிக் ஷாம்பூ ஆரம்பித்தார். பின்னால் கெவின்கேர் ஆன கம்பெனி. இன்றைக்கும் வணிகப் பள்ளிகளில் பாடமாக இருக்கும் கதை அது. அதில் எல்லோரும் விளம்பர உத்தி என்று படித்துவிட்டுத் தாண்டிப்போகும் ஒரு பகுதி உண்டு. காலி சாஷேக்களைச் சேர்த்துக்கொண்டு வந்து கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தார்கள். முதலில் எந்தக் கம்பெனியின் காலி சாஷேயும் செல்லும் என்றார்கள், பிறகு சிக் சாஷே மட்டும் என்று மாற்றினார்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

சற்று நின்று யோசியுங்கள். எண்பதுகளின் தமிழ்நாடு. கம்ப்யூட்டர் இல்லை, க்யூஆர் கோட் இல்லை, செயலி இல்லை. ஒரு சின்னக் கம்பெனி, கிராமத்துப் பெட்டிக்கடைகள் வழியாக, கசங்கிய காலி உறைகளை எண்ணி வாங்கியிருக்கிறது. மக்கள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். சுற்றுச்சூழலுக்காக இல்லை, சந்தையைப் பிடிக்க. சந்தை கையில் வந்தது, திட்டம் முடிந்தது, அதன்பிறகு உறைகள் சாக்கடைக்குப் போயின. உறையைத் திரும்ப வாங்குவது எப்படி என்று இந்தத் தொழிலுக்கு நாற்பது வருடமாகத் தெரியும். லாபம் வந்தபோது செய்தார்கள்.

பக்கத்து உதாரணமும் உண்டு. நீலகிரியில் காட்டுக்குள் உடைந்த பாட்டில்கள் யானைக் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022 மே மாதம் முதல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாயும் திரும்ப என்றார்கள். பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. குடித்துவிட்டு நிற்கும் ஆளைப் பொறுப்பான குடிமகனாக மாற்ற யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பத்து ரூபாய் போதுமானதாக இருந்தது.

கை நடுங்குகிறவர்களுக்கு, மூட்டுவலி உள்ளவர்களுக்கு, அடுத்தவர் வாயைச் சுத்தம் செய்துவிடுகிறவர்களுக்கு ஃப்ளாஸ் பிக் உண்மையாகவே உதவுகிறது. விரலில் நூலைச் சுற்றிப் பின்பல் வரைக்கும் போவது எல்லோராலும் ஆகாது. உறிஞ்சுகுழல்களைத் தடை செய்தபோது மாற்றுத்திறனாளிகள் எழுப்பிய கேள்வி நியாயமானது, அது இங்கேயும் பொருந்தும். அதனால் நான் குச்சியை ஒழி என்று கேட்கவில்லை. நூலை மட்டும் மாற்றிக்கொள்ளும் நிரந்தரக் கைப்பிடி ஏற்கெனவே இருக்கிறது, அதை எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கச் செய்யலாம். அதுவும் முடியாதவர்களுக்குக் குச்சியை ஒரே பையில் மொத்தமாக, மூடித் திறக்கும்படி விற்கலாம். பழையபடி.

உறை கட்டாயம் வேண்டும் என்று எந்தக் கம்பெனியாவது அடம்பிடித்தால், போட்டுக்கொள்ளட்டும். ஒவ்வோர் உறைக்கும் ஒரு ரூபாய் வைப்புத்தொகை, டாஸ்மாக் பாட்டில் மாதிரியே. வாங்கும்போது கட்டுவோம், காலி உறையை எந்தக் கடையில் கொடுத்தாலும் அந்தக் கம்பெனி எண்ணி வாங்கி ரூபாயைத் தர வேண்டும். கடைக்காரருக்கு எண்ணுகிற கூலியும் கம்பெனியுடையது. ஐம்பது உறை டப்பாவுக்கு ஐம்பது ரூபாய். அந்த எக்செல் தாளில் இப்படி ஒரு பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். அடுத்த காலாண்டுக்குள் 'இப்போது உறையில்லாமல், புதிய வடிவில்' என்று டப்பாவின் முகப்பில் அதே பெரிய எழுத்தில் வந்துவிடும். பந்தயம் கட்ட நான் தயார்.